குழாயில் அடைத்த காற்று

எங்கள் காம்பராவில், தோட்டத்து லய வரிசையில் எங்களுக்கு இருந்த அந்த ஒற்றை அறையில், வேலை செய்தவர்கள் இரண்டு பேர். கணினியில் மோதிரம் செய்தது நான். அந்தக் கணினி கொதிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது அம்மா.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது கண்ணும் இடது கையும்தான். இடது கையில் ஒரு வளையல் இருந்தது. கட்டிலின் இரும்புச் சட்டத்தில் அந்த வளையலால் தட்டித்தான் என்னோடு பேசுவார். ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு என்றால் திருப்பிப் படுக்க வை. மூன்று என்றால் வெளிக்குப் போக வேண்டும். நிறுத்தாமல் தட்டினால் உடனே வா. இது யாரும் உட்கார்ந்து யோசித்துச் செய்த ஏற்பாடு இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த முதல் மாதம் நான் எதை எடுத்துக் கொடுத்தாலும் தப்பாகக் கொடுத்தேன். அவர் எரிச்சலில் தட்ட, நான் எரிந்து விழ, கடைசியில் இரண்டு பேரும் அழுது ஓய்ந்து, அப்படியே உண்டானதுதான்.

எனக்குக் கொழும்பில் ஒரு நகை நிறுவனத்தில் வேலை. கல் பதித்த மோதிரத்தைத் தட்டான் தொடுவதற்கு முன்பே கணினியில் செய்து, அது மெல்லச் சுழல்கிற மாதிரி ஒரு சின்னப் படம் எடுத்து, வெளிநாட்டில் வாங்குகிறவர்களுக்கு அனுப்புவார்கள். அந்தப் படம் எடுப்பது என் பொறுப்பு. பெல்மதுளைப் பக்கம் எங்கள் தோட்டத்துக்குக் கீழே ஆற்றோரக் குழிகளில் இடுப்பளவு சேற்றில் நின்று கல் அரிக்கிறவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஒரு நல்ல நீலக்கல்லை இன்றுவரை கையால் தொட்டதில்லை. கணினிக்குள் மட்டும் நூற்றுக்கணக்கில் பட்டை தீட்டியிருக்கிறேன்.

கல்லுக்குள் வெளிச்சம் புகுந்து, உடைந்து, எங்கெங்கோ பட்டுத் திரும்புவதைப் படத்துக்குப் படம் கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கைப் போடுகிற புரொசெசர் மணிக்கணக்காகக் கொதிக்கும். கொழும்பில் என்னோடு வேலை பார்த்த ஒருவர் வெளிநாடு போகும்போது எனக்கு விட்டுப்போன கணினி அது. அதில் புரொசெசரை ஆற்றுவதற்குத் தண்ணீர் ஓடும். புரொசெசரின் மேல் வட்டமாக ஒரு மூடி உட்கார்ந்திருக்கும். அதற்குள்ளே சின்னஞ்சிறு பம்ப். மூடியிலிருந்து இரண்டு கறுப்பு ரப்பர் குழாய்கள் பெட்டியின் உச்சிக்குப் போகும். உச்சியில் ஒரு ரேடியேட்டர், லொறியில் இருப்பது மாதிரிதான், சின்னது. அதற்கு இரண்டு காற்றாடி. சூட்டை வாங்கிக்கொண்ட தண்ணீர் மேலே போய் ஆறிவிட்டுத் திரும்பி வரும். லொறிக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம், இதில் தண்ணீர் ஊற்ற வழி கிடையாது. எட்டிப் பார்க்கவும் வழி கிடையாது. செய்கிற இடத்திலேயே நிரப்பி அடைத்துவிடுவார்கள். உள்ளே ஓடுகிறதா நிற்கிறதா என்பது, திரையின் மூலையில் சூட்டைக் காட்டுகிற எண்ணை வைத்துத்தான் தெரியும்.

அந்த எண்ணைப் பார்ப்பதுதான் அம்மாவின் வேலை. எழுபது, எழுபத்திரண்டு என்று வெள்ளையில் நிற்கும். தொண்ணூறைத் தாண்டினால் சிவப்பாகும். மத்தியானத்தில் தகரக் கூரை காய்கிற நேரத்தில் சில நாள் தாண்டும். "அம்மா, இந்த நம்பரு செவப்பா ஆனா நிப்பாட்டாம தட்டுங்க" என்று ஒருநாள் விளையாட்டாகத்தான் சொன்னேன். அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றே கட்டிலைத் திரைப் பக்கமாகத் திருப்பிப் போடச் செய்துவிட்டார். நாற்பது வருசம் மலையில் கொழுந்தெடுத்தவர். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு நேரத்துக்குப் போகாத நாள் இல்லை. சும்மா கிடப்பதுதான் அவரை அரித்துக்கொண்டிருந்தது. நான் சமைக்கப் போனாலும் துவைக்கப் போனாலும் அவர் கண் அந்த எண்ணைவிட்டு அசையாது. சிவப்பானால் தட்டுவார். நான் ஓடிவந்து கதவை விரியத் திறந்து மின்விசிறியைப் பெட்டிப் பக்கம் திருப்புவேன். எண் இறங்கியதும் என்னை ஒரு பார்வை பார்ப்பார். கங்காணி தோற்றுப்போவார்.

அம்மா விழுந்ததும் நான் கொழும்பை விட்டு ஓடிவந்தேன். அப்பா இல்லை. அக்கா யட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கட்டிக்கொடுத்து இருக்கிறாள், இரண்டு அறையில் ஆறு பேர். ஆகவே வீட்டிலிருந்து வேலை செய்ய நிறுவனத்தில் கெஞ்சிக் கேட்டேன். சில மாதம் விட்டுப்பிடித்தார்கள். பிறகு எங்கள் மேலாளர் மிஸ் போனில் கூப்பிட்டு, நல்லபடியாகவே, ஆனால் தெளிவாகச் சொன்னார். ஒரு நீலக்கல் மோதிரம், நாற்பது செக்கன் படம், திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கைக்கு வர வேண்டும். வந்தால் நான் காலம் முழுக்க வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். வராவிட்டால் அடுத்த மாதம் முதலாம் திகதி கொழும்பு ஆபீசுக்கு வந்துவிட வேண்டும். நான் கொழும்புக்குப் போனால் அம்மா அக்கா வீட்டுக்குத்தான் போக வேண்டும், அவருக்கு எங்கள் காம்பரா இல்லை, நானும் இல்லை. அந்த நாற்பது செக்கன் படத்தில் தொங்கிக்கொண்டிருந்தது அதுதான்.

நான் மோதிரத்தைச் செய்து முடித்து, படத்துக்கான அந்தக் கணக்கைக் கணினியில் ஓட விட வேண்டிய வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. புதன்கிழமை கிராம சேவகர் வந்து, மேலே மலையில் வெடிப்பு கண்டிருக்கிறது, எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்றார். அம்மாவை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார வைத்து நான்கு பேர் தூக்கினார்கள். அதில் முன்னால் நின்றவர் அடுத்த காம்பரா மாமா. அம்மாவைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, அந்த மழையில் திரும்ப ஏறிப்போய், என் கணினியை உரச் சாக்கில் சுற்றி, தலையில் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார். "இது நனஞ்சா நீ செத்துருவியே புள்ள" என்றார். உண்மையும் அதுதான்.

சனிக்கிழமை மழை விட்டது. மலை அப்படியே நின்றது. எங்களைத் திரும்பிப் போகச் சொன்னார்கள். மாமா மறுபடியும் அம்மாவைத் தூக்கி வந்தார், மறுபடியும் பெட்டியைத் தூக்கி வந்தார். ஞாயிறு காலை நான் கணினியின் சுவிட்சைப் போட்டேன்.

களக் களக் என்றது. நின்றது. பிறகு களகளகளவென்று, போத்தலில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி. மூன்று வருசம் அந்தப் பெட்டியோடு வாழ்ந்தவள், அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதே இல்லை. அம்மா கட்டிலிலிருந்து என்னைப் பார்த்தார். எண் சாதாரணமாகத்தான் நின்றது, ஆனால் அந்தச் சத்தத்தோடு பத்து மணி நேரம் படம் ஓட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. இணையத்தில் தேடலாம் என்றால் மழையோடு டவர் விழுந்திருந்தது. போனில் ஒரு கோடும் இல்லை. சந்திக் கடை வரை நடந்தால்தான் சிக்னல்.

அப்போது நடந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. சத்தம் கேட்டு மாமா எங்கள் முன்திண்ணைக்கு, இஸ்தோப்புக்கு, வந்துவிட்டார்.

மாமா காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவார். மற்ற நேரமெல்லாம் எங்கள் லயத்துக் குழாய் அவர் பொறுப்பு. பன்னிரண்டு காம்பராவுக்கும் தண்ணீர், மேலே பாறைக்கடியில் இருக்கிற ஊற்றிலிருந்து ஓஸ் குழாயில் இறங்கி வருகிறது. மோட்டார் இல்லை, ஒன்றும் இல்லை. மேலே இருக்கிற தண்ணீர் கீழே வருகிறது, அவ்வளவுதான். ஆனால் பாதை மேடும் பள்ளமுமாக இருப்பதால், மேடு வருகிற இடங்களில் குழாய்க்குள் காற்று அடைத்துக்கொள்ளும். கீழ் முனையில், நாங்கள் தண்ணீர் பிடிக்கிற பீலியில், களக் களக் என்று நான்கு துளி துப்பிவிட்டு நின்றுபோகும். அப்போது மாமா குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார். ஊற்றுப் பக்கத்தை உயர்த்தி, மேடாக நிற்கிற இடத்தைத் தாழ்த்தி, கீழ் முனையை இன்னும் கீழே இழுத்து, விரலால் தட்டித் தட்டி வருவார். காற்று பீலி வழியாகச் சீறிக்கொண்டு வெளியே போகும், பின்னாலேயே தண்ணீர் வரும். சின்ன வயதில் நாங்கள் எல்லாரும் அந்தக் கீழ் முனையைப் பிடித்துக்கொண்டு, மேலே பார்த்து "வந்துருச்சி!" என்று கத்தியவர்கள்தான். எங்கள் லயத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் இருக்கலாம், காற்று அடைத்த குழாயை எடுத்துவிடத் தெரியாதவர் ஒருவரும் இல்லை.

மாமா கணினியின் கண்ணாடிப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தார். வட்ட மூடி, இரண்டு குழாய், உச்சியில் ரேடியேட்டர். காதை வைத்துக் கேட்டார்.

"காத்து அடைச்சிருக்கு புள்ள."

"எனக்கும் அப்படித்தான் தோணுது மாமா."

"அடைக்காம என்ன செய்யும்? இந்தா இதுதானே பம்பு? இது கீழ கெடக்கு. தண்ணி ஆற வேண்டிய எடம் மேல கெடக்கு. தண்ணி மேல ஏறணும்னா காத்து மறிக்கும்தானே? ஊத்து மேல இருக்கணும், கொழாய் கீழ போவணும்."

அதில் ஒரு பிழையும் எனக்குத் தெரியவில்லை. இதைத்தான் இன்றுவரை நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொள்கிறேன். அவர் படிக்காதவர், அவருக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. கணினியோடு பிழைப்பு நடத்துகிறவள் நான். எனக்கும் அது பளிச்சென்று சரியாகப் பட்டது. பத்து வயதில் பீலியடியில் நின்ற பிள்ளைதான் அந்த நேரத்தில் யோசித்தது.

பெட்டியைத் தலைகீழாகத் திருப்பினோம். ரேடியேட்டர் அடியில் போனது, அதன் காற்றாடிகளுக்கு மூச்சு விட இரண்டு செங்கல்லை இடைவெளி விட்டு வைத்தோம். பம்ப் மேலே வந்தது. மாமா குழாய்களை விரலால் தட்டிக்கொண்டே வந்தார். நான் சுவிட்சைப் போட்டேன். களக் என்று ஒரே ஒரு தடவை. பிறகு சத்தம் இல்லை.

"போச்சா?"

"போச்சு மாமா!"

அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பன்னிரண்டு காம்பராவுக்கும் தண்ணீர் வந்தபோதுகூட அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அவருடைய மனைவியை, எங்கள் அத்தையை, கூப்பிட்டுக் காட்டினார். "கம்பியூட்டருக்கும் நம்ம பீலிக்கும் ஒரே சட்டம்தான் பாரு" என்றார். அத்தை தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். உள்ளே கொசு பறக்கிற மாதிரி ஒரு மெல்லிய சத்தம் இருக்கத்தான் செய்தது. அதை நான் ஒரு பொருட்டாக எண்ணவில்லை.

படத்தை ஓட விட்டேன். அரை மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். எழுபத்திரண்டு. எழுபத்து மூன்று. மறுபடி எழுபத்திரண்டு. படத்தை அனுப்பப் போனுக்கு ரீலோட் போட வேண்டும், அதற்குச் சந்திக் கடைக்குப் போய் வர ஒரு மணி நேரம் ஆகும். அம்மாவிடம், "பாத்துக்குங்கம்மா, போய்ட்டு வந்துர்றேன்" என்றேன். அத்தையிடம், "அம்மா தட்டுனா ஒரு எட்டுப் பாருங்கத்தே" என்றேன். எண் சிவப்பாவதைப் பற்றி அத்தையிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது எனக்கும் அம்மாவுக்கும் இடையில் உள்ள பேச்சு, மற்றவர்களுக்குத் தெரியாது என்பதே எனக்கு மறந்திருந்தது.

திரும்பி வரும்போது, லயத்துக்கு ஏறுகிற படிக்கட்டிலேயே கேட்டது. டங் டங் டங் டங் டங். நிறுத்தம் இல்லை. நான் ஓடினேன். சேற்றில் ஒரு செருப்பு போய்விட்டது.

அத்தை கட்டிலுக்குப் பக்கத்தில் அழுகிற நிலையில் நின்றிருந்தார். "நீ போயி கொஞ்ச நேரத்துலருந்து தட்டிக்கிட்டே இருக்காங்க புள்ள. தண்ணி குடுத்தேன், வேணாங்குறாங்க. திருப்பிப் போட்டேன். வெளிக்கு வச்சுப் பாத்தேன். என்ன வேணும்னே வெளங்கல. தூங்கட்டும்னு கதவக்கூடச் சாத்தி வச்சேன்."

திரை கறுப்பாக இருந்தது. அம்மாவின் மணிக்கட்டில் வளையல் பட்ட இடம் கன்றிச் சிவந்து தோல் உரிந்திருந்தது. கறுப்பான திரையைப் பார்த்துக்கொண்டு அப்போதும் தட்டிக்கொண்டிருந்தார். கையைப் பிடித்து நிறுத்தினேன். பிடித்த பிறகும் அந்தக் கை என் பிடிக்குள் தட்டியது. ஒரு மனுசி தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டுப் பேச வாயில்லாமல் கிடந்திருக்கிறார். அத்தை அவரைத் திரைக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டபோது கழுத்தை வளைத்து வளைத்துப் பார்த்திருக்கிறார்.

கணினியை மறுபடி போட்டேன். போட்ட உடனேயே எண் தாவி ஏறியது. எழுபது, எண்பத்தைந்து, தொண்ணூற்றெட்டு, நூறு. அணைந்தது. ரேடியேட்டரைத் தொட்டேன், குளிர்ந்து கிடந்தது. காற்றாடிகள் அந்தக் குளிர்ந்த ரேடியேட்டரைப் பாவம் விசிறு விசிறென்று விசிறியிருக்கின்றன. குழாயை விரலால் அழுத்தினேன், உள்ளே தண்ணீர் இருந்தது. புரொசெசர் வேகிற இடத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் தண்ணீர் இருந்தது. அதை நகர்த்தத்தான் ஒன்றும் இல்லை. திறக்க ஒரு மூடி இல்லை, முறுக்க ஒரு திருகு இல்லை, ஊத ஒரு ஓட்டை இல்லை.

மாமா வந்தார். "இன்னுங் கொஞ்சம் சாய்ச்சுப் பாப்பமா?" என்றார். சாய்த்தோம். தட்டினோம். நிமிர்த்தினோம். படுக்க வைத்தோம். ஈரத் துணி போட்டு விசிறினோம். அன்று பகல் முழுக்க, போடுவதும், சில நிமிசம் ஓடுவதும், சிவப்பாவதும், அம்மா தட்டுவதும், நான் அணைப்பதும், ஆறக் காத்திருப்பதுமாகப் போனது. துணுக்குத் துணுக்காகப் படம் சேர்ந்தது. நாற்பது செக்கனில் பதினொரு செக்கன் சேர்ந்தபோது பொழுது சாய்ந்தது, அதற்குமேல் போட்ட கையோடு அணைந்தது. மோதிரம் கால் சுற்றுச் சுற்றி, நீலக்கல் வெளிச்சத்துக்கு வரப்போகிற இடத்தில் நின்றுவிட்டது.

திங்கள் காலை பெட்டியைத் திரீ வீலில் ஏற்றிப் பெல்மதுளைக்குக் கொண்டுபோனேன். பஸார் ஓரத்தில் கணினி திருத்துகிற கடை வைத்திருக்கிற சிங்களவர் நல்ல மனுசன். திறந்து பார்த்து, ஒரு நிமிசம் ஓட்டி, மூடியின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். "பம்ப் எக்க இவரய் நங்கி" என்றார். பம்ப் செத்துவிட்டது, தங்கச்சி என்று அர்த்தம். இதைத் திறந்து திருத்த முடியாது, முழுசாகப் புதிது போட வேண்டும், கொழும்பிலிருந்து வர இரண்டு நாள். சாதாரணக் காற்றாடி ஒன்றாவது வைத்து ஓட்டித் தாருங்கள் என்று கெஞ்சினேன். பாவம், அலுமாரியில் இருந்த மூன்றையும் எடுத்து வைத்துப் பார்த்தார். ஒன்றும் புரொசெசர் இருக்கிற பலகையில் பொருந்தவில்லை.

"எப்படி வைத்திருந்தீர்கள்?" என்று சிங்களத்தில் கேட்டார். சொன்னேன். சிரித்துவிட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினார்.

ஒரு பேனையை எடுத்துக் கடதாசியில் வரைந்து காட்டினார். இந்தக் குழாய்களுக்குள் எப்போதும் கொஞ்சம் காற்று இருக்குமாம். வருசம் போகப் போகக் கூடுமாம். காற்று எப்போதும் உயரமான இடத்தைத் தேடிப் போகும். அதனால்தான் ரேடியேட்டரை உச்சியில் வைக்கிறார்கள், காற்று அங்கே போய் ஒரு மூலையில் சும்மா கிடக்கும், ஒருவருக்கும் தொல்லை இல்லை. லயத்துக் குழாய்க்குக் கீழ் முனை திறந்திருக்கிறது, காற்று வெளியே போகும். இது அடைத்த குழாய், வெளியே போக வாசலே இல்லை. தலைகீழாக்கினால் காற்றெல்லாம் பம்புக்குள் வந்து நிற்கும். பம்ப் தண்ணீர் இல்லாமல் சுற்றிச் சுற்றித் தேய்ந்துபோகும்.

"அப்படியென்றால் முதலில் வந்த அந்தச் சத்தம்?"

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்தால் காற்று கலைந்து அப்படித்தான் சத்தம் போடும், கொஞ்ச நேரத்தில் தானாகவே அடங்கிவிடும் என்றார். "நிகங் திப்பா நங் ஹரி" என்றார். சும்மா விட்டிருந்தால் போதுமாம்.

பழுதே இல்லாத ஒன்றைத் திருத்தியிருக்கிறோம். நான் அந்தக் கடையில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் ஒரு சோடா உடைத்துக் கொடுத்தார்.

அவருடைய இணையத்திலிருந்தே பதினொரு செக்கனையும் அனுப்பினேன். மத்தியானம் மிஸ் போனில் கூப்பிட்டார். நான் கடைக்கு வெளியே, பஸ் இரைச்சலில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

"என்னம்மா, பாதியில நிக்குதே?"

இந்த இடத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. கணினியைத் தலைகீழாக வைத்துக் கெடுத்துவிட்டேன் மிஸ், பம்ப் போய்விட்டது, இரண்டு நாளில் புதுசு வரும், இரண்டு நாள் தாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆபீசில் எல்லாருக்கும் இது கதையாகப் போகும், தோட்டத்துப் பிள்ளை பீலிக்குச் செய்வதைக் கணினிக்குச் செய்தது என்று சிரிப்பார்கள் என்று தோன்றியது. அதைவிட, மாமாவைப் பற்றி அவர்கள் சிரிப்பதை என்னால் தாங்க முடியாது என்றும் தோன்றியது. இரண்டில் எது முதலில் தோன்றியது என்பதில் என்னை நானே ஏமாற்றிக்கொள்ளப் பார்க்கிறேன். வெட்கம்தான் முதலில்.

"மழை மிஸ்" என்றேன். "மழையில மிசின் கெட்டுப்போச்சு. எங்கள பள்ளிக்கூடத்துக்கு மாத்திட்டாங்க. சிக்னலும் இல்ல."

அவர் உண்மையாகவே இரக்கப்பட்டார். அம்மா எப்படி என்று கேட்டார். வீடு பத்திரமா என்று கேட்டார். பிறகு, "உங்க வேலையில எனக்குக் குறையே இல்லம்மா. அந்தப் பதினொரு செக்கனும் அவ்வளவு வடிவா இருக்கு" என்றார். "ஆனா மழை அடுத்த வருசமும் வரும்தானே?"

என் பிழை என்று சொல்லியிருந்தால் அது ஒரு தடவையோடு போயிருக்கும். மழை என்று சொன்னதால் ஒவ்வொரு வருசமும் வருகிற ஒன்றாகிவிட்டது. என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டு, "ஓம் மிஸ்" என்றேன்.

முதலாம் திகதிக்கு இரண்டு நாள் முன்பு அக்காவின் வீட்டிலிருந்து வேன் வந்தது. அம்மாவிடம் நான் எதையும் ஒளிக்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், மழை என்று பொய் சொன்னது உட்பட. அவர் தட்டவில்லை. திரை இருந்த மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேசை காலியாக இருந்தது. மாமாதான் அம்மாவை வேனுக்குத் தூக்கினார். இறக்கி, தலையணையைச் சரிசெய்துவிட்டு, என் பக்கம் திரும்பி, "புள்ள, மிசினு இப்ப ஒழுங்கா ஓடுதா?" என்றார். காற்றை எடுத்துவிட்டதுவரை சரி, அதற்குப் பிறகுதான் வேறு ஏதோ பழுது வந்தது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

"ஓடுதுங்க மாமா" என்றேன்.

"பாத்தியா?" என்று அத்தையிடம் சொன்னார்.

நான் இப்போது கொழும்பில் இருக்கிறேன். ஆபீசில் எனக்குக் கொடுத்திருக்கிற கணினிக்கும் தண்ணீர்தான். போன வாரம் எங்களை வேறு மேசைக்கு மாற்றினார்கள். தூக்கி வைத்துப் போட்டதும் களகளவென்றது. பக்கத்தில் இருக்கிறவர் பதறிப்போய், திருத்துகிற ஆளைக் கூப்பிடட்டுமா என்றார். ஒன்றும் செய்யாதீர்கள், சும்மா விடுங்கள் என்றேன். சொன்ன குரலில் கொஞ்சம் சூடு ஏறிவிட்டது போல, அவர் தன் மேசைக்குத் திரும்பிவிட்டார். தேத்தண்ணி குடித்துவிட்டு வரும்போது சத்தம் அடங்கியிருந்தது.

அன்று மாலை வேலை முடிந்ததும் வழக்கம்போல அக்காவைப் போனில் கூப்பிட்டேன். அக்கா என்னைப்போல எரிந்து விழுகிறவள் அல்ல, அம்மாவை நன்றாகவே பார்க்கிறாள். தட்டுகளை எல்லாம் ஒரு கொப்பித் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அதைச் சுவரில் ஒட்டியும் வைத்திருக்கிறாள். அவள் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. டங் டங் டங் டங் டங்.

"அக்கா, அம்மா தட்டுறாங்களா?"

"ஓம்டி. ஒன்னோட பேச ஆரம்பிச்சாலே இப்படித்தான். நானும் பக்கத்துலதான் நிக்கிறேன், வா வான்னு தட்டுனா இதுக்கு மேல எங்க வர்றது? மத்த நேரம் பேசாம செவத்தத்தான் பாத்துக்கிட்டு இருப்பாங்க."

"நிப்பாட்டவே மாட்டேங்குறாங்களா?"

"இல்லடி. இரு, தண்ணி குடுத்துப் பாக்குறேன்."

அது தண்ணீருக்கு இல்லை, என்னைத்தான் வரச் சொல்கிறார் என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன். சொன்னால் அவள் என்ன செய்வாள்? டங் டங் டங் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. போனை இன்னும் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"குடுத்துப் பாருங்கக்கா" என்றேன்.